பொறுத்தேன் என்ற சொல்

ஸைனுலாப்தீன்: ஒரு சொல்லுத்தானே மக்கீன். பொறுத்தேன் எண்டு சொல்லு, நான் போறன்.

மக்கீன்: ஏலா.

ஸைனுலாப்தீன்: நாளைக்கு ஹஜ்ஜுக்குப் பயணம், ஆர்ட மனக்குறையோடயும் போகக் கூடா. அக்கரைப்பற்று முழுக்க வாசல் வாசலாப் போய்ப் பொறுக்கச் சொல்லிக் கேட்டுட்டன்.

மக்கீன்: ஓம். ஒங்கட றோட்டு வேலைக்குப் புல்டோசர் ஓட்டினவன்ட ஊடுதான் கடைசி.

சுபைறா: என்ன மனிசன் நீங்க... முதலாளி ஊடு தேடி வந்திருக்காரு.

மக்கீன்: நீ தேத்தண்ணியப் போடு புள்ள. சீனி கூடப் போடு, இண்டைக்கு இவருக்கு வாய் கசக்கும்.

ஸைனுலாப்தீன்: நல்லா ஏசு, கேக்கிறன். ஒன்ன வேலையால நிப்பாட்டினது பிழைதான்...

மக்கீன்: அத அண்டைக்கே பொறுத்திட்டன்.

ஸைனுலாப்தீன்: மறுகா என்ன கோவம்?

மக்கீன்: கோமாரி றோட்டு மருதமரம்.

ஸைனுலாப்தீன்: ... அதா. ரெண்டு வரிசம் போயிட்டே.

மக்கீன்: மரம் நிறைய நாரைக் கூடு. குஞ்சுகளுக்கு இறகு முளைக்கல்ல. தாயெல்லாம் மேல சுத்திச் சுத்திக் கத்துது, நான் மரத்தச் சாய்ச்சி, கீழ விழுந்த குஞ்சுகளுக்கு மேலால டோசர விடுறன். நீங்க, எடு எடு எண்டு கைய வீசிக்கிட்டு நிக்கிறீங்க.

சுபைறா: அண்டைக்கு இவர் சோறு தின்னல்ல முதலாளி.

ஸைனுலாப்தீன்: றோட்ட முடிக்கத் தவணை போட்டிருந்தானுகள். நான் என்ன செய்ய?

மக்கீன்: ஒரு மாசம். குஞ்சு பறக்கும் வரைக்கும் மரத்தில கை வைக்காதீங்க எண்டு வனவிலங்குக் கந்தோரால கடிதம் போட்டுக் கேட்டது ஒரேயொரு மாசம்.

ஸைனுலாப்தீன்: அந்தக் கடிதம் மரம் விழுந்த பொறகுதான்...

மக்கீன்: மக்காவுக்குப் போற வாயால பொய் சொல்லாதீங்க. கடிதம் எப்ப வந்த? சொல்லுங்க.

ஸைனுலாப்தீன்: மரம் விழுறதுக்கு முதல் நாள். மேசையில கிடந்த. வாசிச்சித்து மேசை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டிட்டன். போதுமா? என்ட பொண்டாட்டிக்கும் சொல்லாத கதை. இப்பயாவது பொறுத்தேன் எண்டு சொல்லு.

மக்கீன்: என்னட்ட என்ன கேள்வி? நாரையிட்டப் போய்க் கேளுங்க.

சுபைறா: அவர்தான் ஒத்துக்கிட்டாரே. இன்னும் என்னத்துக்கு இந்தக் கோவம்? அதுசரி... கடிதம் முதல் நாளே வந்தது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

மக்கீன்: கந்தோர்ப் பியோன் அத என்ட கையிலதான் தந்த. ஒட்டாத உறை. வாசிச்சித்துத்தான் இவர்ட மேசையில வெச்சன். அடுத்த நாள் விடிய, ஒண்டும் தெரியாத மாதிரிப் போய் டோசர ஸ்டார்ட் பண்ணினன். இவருக்குப் பொறுக்கச் சொல்லிக் கேக்க நான் இருக்கன் சுபைறா. நான் ஆரிட்டப் போய்க் கேக்க?