‘விரைவில் தொடங்கும்’ என்ற திரைக்கு முன்னால்

விழாவுக்குத் தலைமை ஏற்று, எழுபத்தைந்து நிமிடமாக முதுகை நாற்காலியில் சாய்க்காமல் அமர்ந்திருக்கும் தொழிற்சாலை மேலாளர், பெருமதிப்பிற்குரிய ராஜேந்திரன் ஐயா அவர்களே, சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து, கையிலிருந்து கைபேசியைக் கீழே வைக்காத மனிதவள அதிகாரி தம்பி அருண்பிரசாத் அவர்களே, கேமராவுக்குப் பின்னால் வியர்த்து நிற்கும் நம்மூர்ப் பிள்ளை கலையரசன் அவர்களே, காலை ஏழு மணிக்கே கீழ்பென்னாத்தூரில் வேன் ஏறி வந்து, கல்யாணம் இல்லாத இந்தக் கல்யாண மண்டபத்தில் காத்திருக்கும் என் தாய்மார்களே, தங்கைமார்களே, உங்கள் இருநூற்று முப்பது பேருக்கும் இந்தக் கவிநிலாவின் கனிந்த வணக்கம்.

கடைதிறப்பு என்றால் நான் வருவேன். காதுகுத்து என்றால் நான் வருவேன். திருவண்ணாமலையில் ஒலிபெருக்கி கட்டும் இடமெல்லாம் என் குரல் ஒலிக்கும். இன்று எனக்கு இட்ட பணி என்ன? நிறைமதி காலணி நிறுவனத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிர்வாக இயக்குநர் சென்னையிலிருந்து நேரலையில் பேசுவார், அதற்கு முன் ஐந்து நிமிடம் வரவேற்றுப் பேசுங்கள் என்றார்கள். பத்து மணிக்கு நேரலை என்றார்கள். இப்போது மணி பதினொன்று பதினைந்து. வரவேற்றாயிற்று, வாழ்த்தியாயிற்று, வள்ளலே என்றும் ஒருமுறை சொல்லியாயிற்று. வரவேற்கப்பட்டவர்தான் வரவில்லை. என் பின்னால் இருக்கும் வெண்திரையில் ‘விரைவில் தொடங்கும்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் வந்து நிற்கின்றன. அவை வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

அங்கே பின்வரிசையில் என்னம்மா சொல்கிறீர்கள்? “அக்கா, பேச்சு ஜாஸ்தியா இருக்குது, சேதிதான் கம்மியா இருக்குது.” உண்மைதான் தங்கச்சி. சேதி என் கையில் இல்லை. இருந்தால் முதல் நிமிடமே கொடுத்திருப்பேன்.

இந்த நிறுவனத்தின் நேரலை உங்களுக்குப் புதிதா? போன ஆயுதபூசைக்கு இயக்குநர் பேசுவார் என்று பொரியும் கடலையும் தட்டில் வைத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தீர்களே, நினைவிருக்கிறதா? உதடு அசைந்தது, ஓசை இல்லை. ஓசை வந்தபோது உருவம் உறைந்துவிட்டது. கடைசியில் கைகூப்பிய படம் ஒன்று கால்மணி நேரம் அசையாமல் நின்றது, நீங்களும் மரியாதைக்குப் பொரியைத் தொடாமல் நின்றீர்கள். பாதுகாப்பு உறுதிமொழியன்று அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் இரண்டு முறை கேட்டது, நீங்களும் இரண்டு முறை உறுதி எடுத்தீர்கள். அன்றெல்லாம் சிரித்துக்கொண்டே பேருந்து ஏறிப் போனோம். இன்று சிரிக்க முடியுமா?

இது எந்த ஊர்? கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் சுடர் எழும் ஊர். ஆறு என்றால் ஆறு. லட்சம் கண்கள் அண்ணாந்து பார்க்கும் அந்த நேரத்தில், மலைமேல் யாராவது ‘விரைவில் தொடங்கும்’ என்று பலகை கட்டியதுண்டா? இணைப்பில் கோளாறு, இன்னும் சற்று நேரம் என்று இறங்கி வந்து சொன்னதுண்டா? நேரம் என்பது நாலு பேருக்குக் கொடுத்த வாக்கு என்று தெரிந்த ஊரில் நின்றுகொண்டு, தாய்மார்களே, உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஏன் தெரியுமா? நீங்கள் இங்கே வாழ்த்துக் கேட்க வரவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் கேட்க வந்திருக்கிறீர்கள். உங்கள் தையல் பிரிவை மூடப்போகிறார்களா, இல்லையா? ஒரு மாதமாக ஊரெல்லாம் அதே பேச்சு. ஆண்டு விழாவில் இயக்குநரே சொல்வார் என்றார்கள். வேலூர் சாலையில் பை தைக்கும் நிறுவனம் ஒன்று ஆள் எடுக்கிறது. பெயர் பதிவு இன்று பன்னிரண்டு மணியோடு முடிகிறது. ஆட்டோவில் போனால் பதினைந்து நிமிடம். மூடுவார்கள் என்றால் இப்போதே ஓட வேண்டும். மூட மாட்டார்கள் என்றால் பழகிய இயந்திரத்தை விட்டு ஏன் ஓட வேண்டும்? இருப்பதா, எழுவதா? இந்தத் திரை விழித்தால்தான் விடை. திரையோ தூங்குகிறது, கடிகாரம் தூங்கவில்லை.

பொறுங்கள், ஒரு துண்டுச்சீட்டு வருகிறது. மேடைப்பேச்சில் துண்டுச்சீட்டு வந்தால் பேச்சை முடி என்று பொருள். இதில் என்ன எழுதியிருக்கிறது? ‘இன்னும் பத்து நிமிடம் பேசவும்.’ பதினெட்டு ஆண்டு மேடை வாழ்வில் நீட்டச் சொல்லி எனக்கு வந்த முதல் சீட்டு இது. தம்பி அருண்பிரசாத், நீட்டுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். கோளாறு எந்தப் பக்கம்? கலையரசா, உன் பக்கமா? உரக்கச் சொல்லப்பா, எல்லோருக்கும் கேட்கட்டும்.

“நம்ம பக்கம் எல்லாம் கரெக்டா இருக்குதுக்கா. காலைல பத்து மணிலேர்ந்து நம்ம படம் அங்க போய்க்கினுதான் இருக்குது. பதினாலு பேரு பாத்துக்கினு இருக்காங்க. அவங்கதான் அவங்க கேமராவ ஆன் பண்ணல.”

கேட்டீர்களா தாய்மார்களே? நாம் அவர்களைப் பார்க்கவில்லை, அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்ததைப் பார்த்தார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து போனவரைப் பார்த்தார்கள். நான் கதை அளந்ததைப் பார்த்தார்கள். சத்தம் போடாதீர்கள், உட்காருங்கள். கோபம் எனக்கும் வருகிறது.

இதோ இரண்டாவது சீட்டு. ‘அவசரமாகச் செல்ல விரும்புவோர், வாசலில் உள்ள படிவத்தில் கையெழுத்திட்டுச் செல்லலாம்.’ அப்பாடா, நல்ல ஏற்பாடு. போகிறவர்கள் போகலாம். யாரம்மா கை தூக்குவது? அஜ்மத் பேகம் அக்காவா? முதல் நாளிலிருந்து தைக்கிறவர், வாசல்வரை போனவர் ஏன் திரும்பி வந்தீர்கள்?

“கவிநிலாம்மா, அந்த ஃபாரத்த படிச்சிட்டுதான் வரேன். ‘என் சொந்த விருப்பத்தின்பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்’னு அச்சடிச்சிருக்குது. பேரும் நம்பரும் மொதல்லியே போட்டு வெச்சிட்டாங்க. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.”

இன்னொரு முறை சொல்லுங்கள் அக்கா. வேண்டாம், எனக்குக் கேட்டுவிட்டது. இருநூற்று முப்பது பேருக்கும் முன்கூட்டியே அச்சடித்து, முன்கூட்டியே பெயர் எழுதி, முன்கூட்டியே மேசை போட்டிருக்கிறார்கள். நேரலைதான் நேரத்துக்கு வரவில்லை, படிவம் நேரத்துக்கு வந்துவிட்டது.

இப்போது எனக்கு விளங்குகிறது. நிர்வாகம் மூடினால் உங்களுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டைச் சட்டம் சொல்லும். நீங்களாகப் போனால் யார் சொல்வார்? பன்னிரண்டு மணி நெருங்க நெருங்க ஒவ்வொருவராக எழுந்து, பயத்தில் கையெழுத்துப் போட்டு ஓட வேண்டும். அதுவரை திரை தூங்க வேண்டும். அதுவரை ஒருத்தி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருத்தி நான். என் அடுக்குமொழியைக் கொண்டு உங்கள் நேரத்தைத் திருடியிருக்கிறார்கள். தெரியாமல் செய்தேன், ஆனாலும் செய்தேன். என்னை மன்னியுங்கள் தாய்மார்களே.

கலையரசா, கேமராவை என் முகத்துக்கு நேரே வை. சென்னையில் குளிர்ந்த அறையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்ல மறந்தேன், இப்போது சொல்கிறேன். பத்து ஆண்டு உங்களுக்காகக் குனிந்த முதுகுகள் இவை. ஊசி ஏறிய விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு எண்ணிக்கையை முடித்துக் கொடுத்த கைகள் இவை. இவர்களிடம் மூடுகிறோம் என்று முகம் பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் போதாதா? அந்த ஒரு நிமிடத்துக்குத் துணிவில்லாமலா தொண்ணூற்றைந்து நிமிடம் ஒளிந்தீர்கள்? கோளாறு கம்பியிலா? கோளாறு கருவியிலா? பதில் சொல்லுங்கள். மணி பதினொன்று முப்பத்தைந்து.

திரை மாறவில்லை. பத்து வரை எண்ணிவிட்டேன், மாறவில்லை.

மூன்றாவது சீட்டு வருகிறது. தம்பி அருண்பிரசாத் கையிலிருந்து வரவில்லை. ராஜேந்திரன் ஐயா எழுதித் தருகிறார். ஐயா, படிக்கட்டுமா? தலையசைக்கிறார். படிக்கிறேன், அமைதியாகக் கேளுங்கள்.

‘தையல் பிரிவை இந்த மாதக் கடைசியோடு மூடும் உத்தரவு நேற்று மாலை எனக்கு வந்தது. இணைப்பில் எந்தக் கோளாறும் இல்லை. ராஜேந்திரன், மேலாளர்.’

கையெழுத்து இருக்கிறது. தேதி இருக்கிறது. தம்பி அருண்பிரசாத், சீட்டை வாங்கக் கை நீட்டாதீர்கள், தர மாட்டேன். தாய்மார்களே, அழுகிறவர்கள் அழுங்கள், ஆனால் எழுந்து நின்று அழுங்கள், நேரம் இல்லை. ஐயாவுக்கும் இதனால் வேலை போகலாம். தெரிந்தே எழுதினார். நேற்று மாலையே சொல்லியிருக்கலாம் என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நியாயம்தான். அவரும் தலை குனிந்துதான் இருக்கிறார். இன்றாவது ஒரு மனிதர் சொன்னாரே என்று அவருக்கு என் நன்றியைச் சொல்லிக்கொள்கிறேன்.

இனி என்ன செய்வது? வாசலில் உள்ள படிவத்தை யாரும் தொடக்கூடாது. நீங்கள் இன்னொரு இடத்தில் பெயர் எழுதத்தான் போகிறீர்கள், வேலையை விட்டுப் போகவில்லை. இதைச் சொல்ல என் வாய் மட்டும் போதாது, சாட்சி வேண்டும். கலையரசா, இது பதிவாகிறதா?

“பதிவாகுதுக்கா. எங்கிட்டயே ஒரு காப்பி இருக்குது.”

அப்படியானால் இந்த நேரலை இப்போதுதான் தொடங்குகிறது. ஒவ்வொருவரும் கேமராவுக்கு முன்னால் ஒரு நொடி நின்று, பெயரையும் எத்தனை வருடம் தைத்தீர்கள் என்பதையும் மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். வேலூர் சாலைக்குப் போகிறவர்கள் முதலில் வாருங்கள், ஆட்டோக்கள் வெளியே நிற்கின்றன. மற்றவர்கள் பிறகு நிதானமாகச் சொல்லலாம். கடைசிப் பெண் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை யாரும் மின்இணைப்பைத் தொடக்கூடாது, நான் இந்த மேடையை விட்டு இறங்கவும் மாட்டேன்.

பொறுமையாய் இருந்த தாய்மார்களுக்கும், உண்மையை எழுதிய தலைவருக்கும், கேமராவை அணைக்காத தம்பிக்கும் நன்றி கூறி, என் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.

அஜ்மத் அக்கா, நீங்கள் முதலில் வாருங்கள். முக்காட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள், அவசரம் வேண்டாம். இந்த ஒலிவாங்கியைப் பிடியுங்கள். பெயரைச் சொல்லுங்கள்.