உப்புத் தொட்டிக்கு ஆறு வாரம்

கடல்மீன் தொட்டி வைப்பவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை. அடுத்து, நாற்றத்தைச் சகித்துக்கொள்ளும் மனைவி. இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள மாட்டீர்கள், தம்பி. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஓய்வு பெற்ற மறுநாளே கூடத்துச் சுவரோரம் நாலடித் தொட்டியை நிறுத்தினேன். மணல் பரப்பி, உப்பைக் கரைத்து ஊற்றி, கடல் கற்களைக் குகை குகையாக அடுக்கி, நடுவே ஒரு செத்த இறாலைப் போட்டு அழுக விட்டேன்.

"வீட்டுக்குள்ள பொணத்த ஊற வைக்கத்தான் ரிட்டயர் ஆனீங்களா?" என்றாள் மனைவி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

அந்த அழுகலைத் தின்னும் நுண்ணுயிர்கள் கற்களில் குடியேற ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீனை விட்டால், தன் கழிவே நஞ்சாகி அது செத்துப்போகும். இதை மச்சானிடம் பதினேழு தடவை சொல்லியிருக்கிறேன்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், நாலு வருடமாயிற்று. அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது, அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் பொறுமைதான் இல்லை. லிப்டுக்குக் காத்திருக்க முடியாமல் பாதிப் படி இறங்குவார். லிப்ட் வந்த சத்தம் கேட்டதும் திரும்ப ஏறுவார். அதற்குள் அது போயிருக்கும்.

பதினோராம் நாள், நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், என்னை அசத்துவதற்காக நாலு மீன் வாங்கி வந்து தொட்டியில் விட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் மூன்று மல்லாந்தன. நாலாவது, ஒரு கோமாளி மீன், கண்ணாடியில் வாயை வைத்து என்னையே பார்த்தபடி விடிய விடிய இழுத்துக்கொண்டு கிடந்தது.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்களே மாப்பிள்ளை. செத்தா வேற வாங்கிக்கலாம்," என்றார்.

நான் சிரித்தேன். மனைவியைக் கேளுங்கள், அவளும் பார்த்தாள்.

தொட்டியைக் காலி செய்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை ஆறு வாரமும் முழுசாக. அப்புறம் இரண்டே இரண்டு நீல மீன்கள். என் நிழல் பட்டால் மேலே வந்து நிற்கும். பவளங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அதற்குமேல் உயிரைச் சேர்த்தால் அந்தத் தண்ணீர் தாங்காது.

"இவ்வளவு எடம் சும்மாதான கெடக்கு? ஞாயித்துக்கிழம ஒரு டஜன் கொண்டாந்து விடுறேன் பாருங்க," என்றார் மச்சான்.

வேண்டாம் என்றேன். மூன்று தடவை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கும் கண்ணாடிக் குழாயில் மயிரிழை போல ஒரு கீறல் தெரிந்தது. அதற்குள் மின்கம்பி ஓடுகிறது. உடனே கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, "மச்சான், நீல மீன் ஒண்ணக் காணோம். கல்லுக்குப் பின்னாடி சிக்கிருச்சு போல. எனக்குக் கை எட்டல," என்றேன்.

"நகருங்க மாப்பிள்ளை, உங்களால ஒண்ணும் ஆகாது."

சட்டையைக்கூட மடக்கவில்லை. தோள்வரை கையை விட்டார்.

ஒரு சொம்புத் தண்ணீர்தான் தரையில் சிந்தியிருக்கும். சமையலறையிலிருந்து மனைவி, "என்ன சத்தம்?" என்றாள். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். ஈரத்தில் அவள் காலை வைத்துவிடக் கூடாதல்லவா.

கிழவனின் கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். பரிவுக்கு நன்றி. ஆனால் குளியலறை வாளியில் இரண்டு நீல மீன்களும் எப்படி வந்தன என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அன்று காலை எட்டு மணிக்கே நான்தான் மாற்றினேன். வலை பட்டால் செதில் உரியும் என்று, கிண்ணத்தில் ஒவ்வொன்றாக ஏந்தி. பாவம், அவை என்ன தப்பு செய்தன?

அதனால் அந்த வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள், தம்பி. உயிர் விஷயத்தில் நான் ஒருநாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை.