டிரம்முக்குள்ள குளவி

அந்த டிரம்மைத் தொடாதீங்க தம்பி, மேல கட்டின வலை கிழிஞ்சா அத்தனையும் வெளிய வந்துடும். பூச்சி ஆராய்ச்சி லேப்புல உங்க வண்டியை வாடகைக்குப் பிடிச்சு அனுப்புனவங்க ஒண்ணுமே சொல்லலையா? கூன்வண்டுங்க. மூக்கைப் பாருங்க, யானைத் தும்பிக்கை மாதிரி. சின்ன பைன் மரம்னா இதுக்கு உசுரு, அதுவும் உச்சிக் குருத்துதான் வேணும். துளை போட்டு முட்டை வைக்கும். புழு பட்டைக்கு அடியிலயே தின்னுக்கிட்டு கீழ இறங்கும். வெளிய பச்சைப்பசேல்னுதான் இருக்கும். திடீர்னு ஒருநாள் குருத்து தலையைத் தொங்கப் போட்டுடும். அப்புறம் மருந்தடிச்சு என்ன, மந்திரிச்சு என்ன?

மரமா? சாகாதுங்க. பக்கத்துக் கிளை தலையெடுக்கும். ஆனா மரம் கோணிடும், பலகைக்கு ஆகாது. வாடின குருத்தையெல்லாம் வெட்டிக் கொளுத்துறதுதான் நம்ம தோட்டத்து வழக்கம்.

எம் பொண்ணு அந்த லேப்புல சேர்ந்தா, பிடிச்சுது சண்டை. கொளுத்தாதீங்கப்பா, உள்ள குட்டிக் குளவியும் இருக்கு, அதோட குஞ்சுதான் வண்டுப் புழுவைத் தின்னுது, திருடனோட சேர்த்துப் போலீஸையும் எரிக்கிறீங்களேன்னா. போடி, பூச்சிக்கெல்லாம் வக்கீலான்னேன். கேட்டாத்தானே! லீவு போட்டுட்டு வந்து, வெட்டின குருத்தை இந்த டிரம்முல போட்டு அவளே வலை கட்டினா. குளவி நுழைஞ்சு வெளிய போயிடும், வண்டு மாட்டிக்கும். வலைக்கண்ணி அவ்வளவு பொடிசு.

எடுத்துட்டுப் போகத்தான் வந்தீங்க, தெரியுது. ஒரு வாரம் கழிச்சு வாங்களேன். இல்ல, என்னன்னா, இன்னைக்குக் காலையிலதான் முதல் குளவி வந்துச்சு. கொசு அளவுகூட இருக்காது. வலை மேல உக்காந்து மீசையைத் தடவிக்கிட்டு இருக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அம்மாடி, வந்துடுச்சு, ஓடி வா, நீதான் ஜெயிச்சேன்னு கத்திக்கிட்டே போய் அவ ரூம் கதவைத் தட்டுறேன். அவங்கம்மா திறக்குறா. பொண்ணு துணியெல்லாம் மடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. யாரைங்க கூப்பிடுறீங்கன்னு கேட்டா.

இன்னொரு டிரம்முக்கு வலை வாங்கிட்டு வர்றேன்னு டவுனுக்குப் போனவதான். மலை வளைவுல பஸ் உருண்டுடுச்சு. அடக்கம் பண்ணி மாசம் ஒண்ணாச்சு, இந்த வாய்க்கு இன்னும் தெரியல பாருங்க.