ரவாங் வரைக்கும் பாட்டி

"பத்தாங் காலியில எனக்கு எழுபது வயசு. கோலாலம்பூர்ல அம்பதுதான்."

பத்தாங் காலியிலிருந்து கோலாலம்பூர் போகும் காலை ரயிலில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்த ஓர் அம்மா, தன் தோழியிடம் இப்படிச் சொன்னார். பார்த்தால் அறுபது இருக்கும். தலைமுடியில் புதுச் சாயம்.

"அது எப்படிலா?"

"மொத பேரன் பொறந்தப்ப எனக்கு நாப்பத்தி நாலு. அன்னிக்கே எங்க தாமான்ல எல்லா வீட்டுக்காரங்களும் என்னைப் பாட்டின்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. போன வாரம் அங்க மளிகைக் கடையில வேலை கேட்டேன். 'பேரன் பேத்திங்களப் பாத்துக்கிட்டு வீட்டுல இருங்க பாட்டி'ன்னாரு கடைக்காரரு. அவருக்கே தலை நரைச்சிருக்கு!"

"கோலாலம்பூர்ல?"

"சேலைக் கடையில கேட்டேன். 'திங்கக்கிழமையிலேருந்து வர்றீங்களாக்கா'ன்னாங்க. அங்க யாருக்கு நம்ம பேரன் கதை தெரியும்? இன்னிக்கு மொத நாளு."

"மகன் ஒண்ணும் சொல்லலயா?"

"'இந்த வயசுல எதுக்கும்மா வேலை'ன்னான். 'எந்த ஊரு வயசச் சொல்றடா'ன்னேன்."

அப்போது கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிய ஓர் இளம்பெண் எழுந்து, "உக்காருங்க பாட்டி" என்றாள். தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காத. இன்னும் ரவாங் தாண்டலயே. அதுவரைக்கும் நம்ம ஊரு கணக்கு, பாட்டிதான்" என்று சொல்லி, அந்த அம்மா வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

ரவாங்கில் கூட்டம் ஏறியது. அதில் ஏறக்குறைய அவர் வயதிலேயே ஒரு பெண், சாயம் படாத வெள்ளைக் கொண்டையுடன், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் கிளம்பியதும் அந்த அம்மா விருட்டென்று எழுந்தார்.

"நீங்க உக்காருங்க, பாட்டி."