மூன்றாவது ஓட்டை

உங்கள் பெல்ட்டில் மூன்றாவது ஓட்டை கிழிந்துவிட்டது, ஐயா. மெஷினில் போட்ட ஓட்டை அப்படித்தான், கொஞ்சம் பலமாக இழுத்தால் வாயைப் பிளந்துவிடும். உங்கள் ஆட்கள் என் சாமான்களையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துப் போகாமல் இருந்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்திருப்பேன்.

தோலில் ஓட்டை போட ஒரே அடிதான். உளியை நேராக நிறுத்தி, மரச்சுத்தியலால் ஒரு போடு. தயங்கித் தயங்கித் தட்டினால் ஓரம் பிசிறிப்போகும். உளி தோலைத் தாண்டிக் கீழே இருக்கும் பலகையைத் தொட்டதும் சத்தம் மாறும். அதற்குக் காது பழக வேண்டும். எனக்கு ஒரு வருடம் ஆனது.

என் கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், அதிலும் மூன்று நாள் தூக்கம். நான் பொழுது போகாமல் தோலில் பர்ஸ் தைக்கக் கற்றுக்கொண்டேன். கூடத்தில் இருப்பது ஒரே மேசை. "உன் விளையாட்டுச் சாமானையெல்லாம் எடுத்து வை, சாப்பிடணும்" என்பார். எடுத்து வைப்பேன். கெட்ட மனிதர் இல்லை, என்மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு யாரும் அவரைப் பற்றி வேறு மாதிரி பேசக் கூடாது.

இரும்புக் கம்பி இறக்கும்போது கட்டு சரிந்து அவருடைய வலது காலில் விழுந்தது. அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. ஆறு மாதம் படுக்கை என்றார் டாக்டர். கட்டிலைக் கூடத்துக்கு இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டேன். முதுகில் புண் வந்துவிடக் கூடாதென்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பேன். துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த பர்ஸை எடுப்பேன். போனில் படம் போட்டேன், ஆர்டர் வந்தது. பர்ஸுக்குப் பிறகு பை, பைக்குப் பிறகு பெல்ட். அந்த மேசையில்தான் குடும்பம் ஓடியது. அதை எடுத்து வைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

அவருக்கும் கை சும்மா இருக்கவில்லை. முதலில் நூலுக்கு மெழுகு பூசிக் கொடுத்தார், பிறகு தையலே கைவந்துவிட்டது. "முதலாளியம்மா, இந்த வரி கோணலா இருக்கா, கொஞ்சம் பாருங்க" என்பார் கேலியாக. "சம்பளத்துல பிடிச்சுக்கறேன்" என்பேன். கல்யாணமான பதினொரு வருடத்தில் சிரிக்காத சிரிப்பையெல்லாம் அந்த ஆறு மாதத்தில் சிரித்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஏழாம் மாதம் கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்வரை நடந்தார். நான் கை தட்டினேன். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி சொன்னார்: "அடுத்த மாசம் வண்டி எடுத்துடுவேன். நீ பட்ட கஷ்டம் போதும். இந்த மேசைய யாருக்காவது குடுத்துடலாம், வீடு வீடா இருக்கட்டும்." அன்பாகத்தான் சொன்னார். அன்று ராத்திரி நான் அந்த மேசையை இரண்டு முறை துடைத்தேன்.

மறுநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தோலுக்குப் பூசும் எண்ணெய் தரையில் கொட்டியிருந்தது. கொட்டியிருந்தது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். கொட்டவில்லை, ஐயா. துணியில் தொட்டு, மெல்லிசாக, மூலை முடுக்கு விடாமல் தேய்த்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அதே கால், அதே இடம். மறுபடி கட்டில், மறுபடி மெழுகு நூல். இந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண், வாயாடி. என்னை அக்கா என்பாள், அவரை அண்ணா என்பாள். "அண்ணா, இப்படிச் சோம்பேறியா இருந்தா அக்கா உங்களையும் பையா தைச்சு வித்துடுவாங்க" என்று சிரிக்கச் சிரிக்கப் பேசியே காலை மடக்க வைத்துவிடுவாள். எனக்கும் அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கென்று ஒரு தோள்பை தைத்துக் கொடுத்தேன். ஆனால் கெட்டிக்காரி. நாலே மாதத்தில் அவரை எழுப்பி நிற்க வைத்துவிட்டாள்.

அவளிடம் வெளியூர் போகிறோம், இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மத்தியானம் பாலில் இரண்டு தூக்க மாத்திரை கலந்து கொடுத்தேன். வலி தெரியக் கூடாது அல்லவா? சதை கிழிந்துவிடாமல் முழங்காலுக்குக் கீழே, எலும்பின்மேல் தடித்த தோல் ஒன்றை மடித்து வைத்தேன். ஒரே அடி. சத்தம் மாறியது.

மாத்திரை போதவில்லை போலிருக்கிறது. அலறிக்கொண்டு எழுந்தார். நான் மடியில் போட்டுத் தேற்றினேன். என் கையில் சுத்தியல் இருந்ததைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று நானே பலகை வைத்து, தோல் வாரால் கட்டினேன். கட்டிலோடும் சேர்த்துக் கட்டினேன், விழுந்துவிடக் கூடாதே என்று. நல்ல வார் அது, அறுபது கிலோ தாங்கும். அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் வாய் திறக்கவில்லை. ஊசியைக் கொடுத்தால் தைப்பார். தையலில் ஒரு நூல்கூடப் பிசகாது. பயந்துபோன மனிதரால் அப்படித் தைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தப் பெண் கதவைத் தட்டினாள். தெரு வழியாகப் போனாளாம், ஜன்னல் திறந்திருந்ததாம். நான் கதவைச் சாத்துவதற்குள் உள்ளே வந்துவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிடாதம்மா" என்றார். மூன்று வாரத்தில் அவர் பேசிய முதல் பேச்சு. முகம் அவள் பக்கம் இருந்தாலும், என்னிடம்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

போர்வையை விலக்கினாள். கால் கறுத்து வீங்கி, நாற்றம் எடுத்திருந்தது.

"அக்கா, என்னக்கா இது? இது விழுந்த அடி இல்லையே."

"கட்டில்லேர்ந்து விழுந்துட்டாரு."

"கட்டிப் போட்டிருக்கீங்களேக்கா, எப்படி விழுவாரு?"

நான் போர்வையை இழுத்து மூடினேன். நான் தைத்துக் கொடுத்த பையிலிருந்து போனை எடுத்து நூற்றெட்டை அழுத்தினாள். அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், கால் சரியாகும், லாரி வரும், மேசை போகும். எல்லாம் கண்முன் வந்தது. சுத்தியல் மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

முதல் அடியில் தயங்கிவிட்டேன். அது ஒன்றுதான் எனக்கு அவமானம். அவள் கீழே விழுந்து, "அக்கா, வேண்டாம்க்கா" என்றாள். மூன்றாவது அடியில்தான் சத்தம் மாறியது. அவளுக்கு வலித்திருக்கும், பாவம். ஆர்டருக்காக வெட்டி வைத்திருந்த ஆறு துண்டிலும் ரத்தம். தோலில் ரத்தம் ஊறினால் போகாது, ஒன்றும் செய்வதற்கில்லை. போன் துண்டிக்கப்படாமல், மறுமுனையில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் வந்து சேரும்போது அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். நான்தான் கொன்றேன், ஐயா. அவர் காலை உடைத்ததும் நான்தான். எங்கே கையெழுத்து போட வேண்டும்?

ஆஸ்பத்திரியில் சொல்லி வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வேறு யார் செய்தாலும் அவருக்குச் சரிப்படாது. வாரை அறுத்து அவரைத் தூக்கினீர்களே, அப்போது இரண்டு கையாலும் உங்கள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, ஓட்டை கிழிகிறவரை விடாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரே, பார்த்தீர்கள் அல்லவா? என்னை விட்டுப் பிரிய அவருக்கு அவ்வளவு பயம்.