கை எடுக்காத சுரம்

என் கடையில் பூட்டு வாங்கியவர் எவரும் இதுவரை திரும்பி வந்து குறை சொன்னதில்லை, சார். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் டஞ்சன் சிந்த் வாசிப்பவர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பழைய கோட்டையின் பாதாளச் சிறையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பதுபோல, கீபோர்டில் மெதுவாக வாசிக்கும் இசை. பாட்டு கிடையாது, ஆட்டம் கிடையாது. கேசட்டின் இரைச்சல்கூட வேண்டும். பகலெல்லாம் சாவிக்கொத்தோடு மல்லுக்கட்டிவிட்டு அதைக் கேட்டால், நான் பார்த்தே இராத ஒரு கோட்டைக்கு மனம் ஏங்கும். சிரிக்காதீர்கள். எனக்கு அழுகையே வந்திருக்கிறது.

மாப்பிள்ளை என் கடைக்குக் கீழே உள்ள நிலவறையில் வாசிப்பார். கீபோர்டு ஒயரும் மைக் ஒயரும் மேலே என் ரெக்கார்டருக்கு வரும். ரசிகர்கள் மொத்தம் நாற்பது பேர். கேசட் அனுப்புவது என் வேலை. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் வந்து, "மச்சான், கீழே ஈரம் எனக்கு ஒத்துக்கல. இழுப்பு ஜாஸ்தியாயிடுச்சு. மாடியில நல்லா வெயில் வர்ற ரூம் ஒண்ணு பார்த்திருக்கேன்" என்றார்.

வெயில் வரும் அறையில் உட்கார்ந்து பாதாளச் சிறை வாசிப்பாராம். நீங்களே சொல்லுங்கள்.

சாமான் எடுக்க அவர் கீழே இறங்கியபோது பூட்டினேன். ஒரு கேசட் வாசித்தால் திறக்கிறேன் என்றேன். மூன்று வேளையும் கதவுக்கடியில் தட்டு தள்ளினேன். பட்டினி போட்டதாக யாரும் சொல்ல முடியாது. வெளியூர் போயிருக்கிறார் என்று தங்கையிடம் சொல்லி வைத்தேன். "இன்ஹேலரை விட்டுட்டு அவரு எங்கேயும் போக மாட்டாரேண்ணா" என்று கண்ணைக் கசக்கினாள். மறந்திருப்பார் என்றேன். அவள்மேல் எனக்குப் பாசம் அதிகம்.

முதல் கேசட்டில் கதவைத் தட்டும் சத்தமும் மூச்சு இழுக்கும் சத்தமும் விழுந்திருந்தன. ரசிகர்கள் கொண்டாடிவிட்டார்கள். அது என்ன வாத்தியம் என்று கேட்டு ஒருவர் கடிதமே போட்டார். அப்புறம் எப்படி ஒன்றோடு நிறுத்துவது?

மூன்றாவதில் தட்டல் இல்லை, இழுப்பு இல்லை. ஒரே சுரம். நாற்பத்தைந்து நிமிடமும் கை எடுக்கவே இல்லை. எனக்கு விளங்காமல் இல்லை, சார். நான் ஒன்றும் பச்சைக் குழந்தை அல்ல. ஆனால் அத்தனை நிதானம் அவருக்கு அதற்குமுன் கைகூடியதே கிடையாது.

அதனால் கதவைத் திறக்கவில்லை. மறுபக்கமும் பதிவாகட்டும் என்று கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.