ஆளை இழந்துட்டோம், மறுபடி முயலவும்

கபுலா: அந்தப் பட்டன்ல இருந்து கையை எடு, மகேசா.

மகேசா: அக்கா, மணி ஒம்பதரை. பத்து மணிக்கு பாஸ் அங்கே பெரிய மனுஷங்களை உட்கார வெச்சு நம்ம ஆப்பைக் காட்டப் போறார். நாப்பது தீவு கிளினிக்குக்கும் இன்னிக்கே புது வெர்ஷன் போயாகணும்…

கபுலா: போகட்டும். அந்த ஒரு வரி இல்லாம போகட்டும்.

மகேசா: மறுபடியுமா! வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சீங்க, திங்கட்கிழமை ஆகியும் விடலையே. இந்தாங்க, கிதும்புவா சூடா இருக்கு. ஒண்ணு வாயில போடுங்க.

கபுலா: பணியாரத்தை வெச்சு என் வாயை அடைக்கப் பார்க்காதே. அந்த வரியைப் படி. சத்தமா.

மகேசா: எதுக்கு…

கபுலா: படிடா.

மகேசா: ‘போலே சானா! ஆளை இழந்துட்டோம். மறுபடி முயலவும்.’ …ஹி ஹி.

கபுலா: சிரிக்கிறே.

மகேசா: சிரிப்பு வருதேக்கா! நெட்வொர்க் அறுந்து போனா, ‘போலே சானா, ரொம்ப வருத்தம்’னு ஏதோ சொந்தக்காரர் செத்த மாதிரி துக்கம் விசாரிக்குது. போன தடவை காட்டினப்போ அந்த ஆபீசருங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டாங்க.

கபுலா: ஆபீசருங்க யாரும் பிரசவ வலியோட படகுல போகலை.

மகேசா: பழைய ஆப்புல என்ன வந்துச்சு? ‘பிழை நானூத்தி எட்டு.’ ஒரு நர்ஸாவது தொட்டாங்களா? டேப்லெட்டை டீத்தட்டா வெச்சிருந்தாங்க. நம்ம பேச்சுல நாலு வார்த்தை, ரெண்டு கேலி சேர்த்த பிறகுதான் ஒவ்வொரு கர்ப்பிணி பேரும் அதுல ஏறுது. சிரிப்பு சும்மா இல்லைக்கா, வேலை செய்யுது.

கபுலா: யாரு இல்லைன்னா? பாஸ்வேர்டு தப்பாப் போட்டா ‘ஹோடி சொல்லிக் கதவைத் தட்டினீங்க, ஆனா வீடு மாறிடுச்சு’ன்னு வருதே, அதை நான் தொட்டேனா? அது இருக்கட்டும். ஆள் படகுல இருக்கிற நேரத்துல சிரிக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

மகேசா: நெட்வொர்க்கைத்தானே கிண்டல் பண்றோம்…

கபுலா: உங்கம்மா பெட்டியில எத்தனை கங்காத் துணி இருக்கு?

மகேசா: அது இருக்கும் முப்பது. இப்போ அது எதுக்கு?

கபுலா: ஒவ்வொண்ணுலயும் ஒரு வாசகம் அச்சடிச்சிருக்கும். கல்யாணத்துக்கு ஒண்ணு, பக்கத்து வீட்டுக்காரியைக் குத்திக் காட்ட ஒண்ணு. சாவு வீட்டுக்குக் கிளம்பறப்போ வாசகத்தைப் பார்த்துத்தானே எடுத்து உடுத்துவாங்க? இந்தத் திரை பார்க்குமா? எதிர்ல நிக்கிறது யாருன்னு அதுக்குத் தெரியுமா?

மகேசா: …சரி, சமாதானம். ஒரே ஒரு எழுத்தை மாத்திடறேன். திரையில நம்ம பேச்சுல ‘துமெம்பொதேசா’ன்னு இருக்கு, அதாவது ஆளை இழந்தோம். நடுவுல அந்த ‘ம்’மை எடுத்துட்டு ‘உ’ போட்டா நெட்வொர்க்கை இழந்தோம்னு ஆயிடும். அரை நிமிஷ வேலை.

கபுலா: பயந்து போனவன் எழுத்துக் கூட்டியா படிப்பான்? அதுக்கு முன்னாடி ‘போலே சானா’ வேற. கால் இடறினாலும் போலே, வீட்டுல சாவு விழுந்தாலும் போலே.

மகேசா: யாருக்கா பயந்தாங்க? வந்த புகார்ல ‘வாசகம் குழப்பமா இருக்கு’ன்னு ஒத்தை வரிதானே?

கபுலா: முழுசா எழுத அந்த நர்ஸுக்கு மனசு வரலை. நான் சொல்றேன். குறுக்கே பேசாதே.

மகேசா: உங்களுக்கு யார் சொன்னா?

கபுலா: நர்ஸ்தான். போன்ல. குறுக்கே பேசாதேன்னேன்ல? செவ்வாய்க்கிழமை ஒருத்தியைத் தீவுல இருந்து படகுல அனுப்பினாங்க. குழந்தை குறுக்கே கிடந்துச்சாம். அன்னிக்குன்னு டவர் போச்சு, வியாழக்கிழமை வரை வரலை. சாயங்காலம் புருஷன் வந்து என்ன சேதின்னு கேட்டிருக்கான். நர்ஸ் டேப்லெட்டை எடுத்து அவ பேரை அழுத்தினா. ‘போலே சானா! ஆளை இழந்துட்டோம்.’

மகேசா: ஐயோ…

கபுலா: மறுபடி முயலவும்னு போட்டிருக்கே. முயன்றா. பதினொரு தடவை. பதினொரு தடவையும் அவன் பொண்டாட்டி செத்தா.

மகேசா: அது நெட்வொர்க்குன்னு நர்ஸ் சொல்லலையா?

கபுலா: சொன்னா. அவன் நம்பணுமே? நம்மாளுங்க என்னிக்குச் சாவை நேரா சொல்லியிருக்காங்க? ‘உடம்புக்கு முடியலை, வந்து பாருங்க’ன்னுதானே சொல்லுவாங்க? நர்ஸ் நம்ம மனசைத் தேத்தறா, பெட்டிதான் உண்மையைச் சொல்லுதுன்னு போயிட்டான். நாற்காலி எல்லாம் முற்றத்துக்கு வந்தாச்சு. பாய் விரிச்சாச்சு. வெளியில நெருப்பு மூட்டி ஆம்பளைங்க உட்கார்ந்தாச்சு. ரெண்டு நாள்.

மகேசா: ரெண்டு நாளா!

கபுலா: வியாழக்கிழமை அவ படகு விட்டு இறங்கினா. கையில ஆம்பளைப் பிள்ளை. தூரத்துல இருந்தே கூட்டத்தைப் பார்த்துட்டு, ‘யாரு போனது, யாரு போனது’ன்னு கேட்டுக்கிட்டே வந்தாளாம்.

மகேசா: …ம்ஹ். மன்னிச்சுக்கோங்கக்கா. சிரிக்கக் கூடாது…

கபுலா: சிரி. எனக்கும் வந்துச்சு. மூத்த பொண்ணுக்கு ஆறு வயசு. படகு ஏறறதுக்கு முந்தின நாள் அம்மா உட்கார வெச்சுப் பின்னி விட்ட சடை. துக்கத்துக்குன்னு அத்தைக்காரி மொத்தமும் மழிச்சிட்டா.

மகேசா: உடம்பு வந்து சேராமலேயேவா?

கபுலா: எல்லாத்துலயும் முந்திரிக்கொட்டையாம் அந்த அத்தை. அம்மா கிட்ட வந்து நின்னப்போ அந்தப் பொண்ணு போகலையாம். செத்தவளாச்சே, பயந்து ஓடிருச்சாம்.

மகேசா: பெத்த அம்மாவைப் பார்த்தா…

கபுலா: இப்போ சிரிப்பு வரலை இல்லை? இன்னும் இருக்கு. அந்தப் பெட்டி சாவு சொல்ற பெட்டின்னு தீவு முழுக்கப் பேச்சு. நேத்து வலி எடுத்த இன்னொருத்தி, ‘என் பேரை அதுல ஏத்தாதே’ன்னு நர்ஸ் கையைப் பிடிச்சுக்கிட்டாளாம். பேர் ஏறாமலே படகு ஏறினா. அவ வர்றது கரையில யாருக்கும் தெரியாது. ரெண்டு மணி நேரம் மருத்துவமனை வராந்தாவுல கிடந்திருக்கா. பிழைச்சது தெய்வச் செயல். இதே வரி இன்னிக்கு நாப்பது தீவுக்குப் போகணுமா? சொல்லு.

மகேசா: …என்ன போடணும்? சொல்லுங்க, அடிக்கிறேன்.

கபுலா: ‘மருத்துவமனையோடு தொடர்பு கிடைக்கவில்லை. நோயாளி பற்றிப் புதிய செய்தி எதுவும் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து முயலவும். அவசரமென்றால் ரேடியோவில் கூப்பிடவும்.’

மகேசா: உப்புச் சப்பில்லாம இருக்கு.

கபுலா: இருக்கட்டும்.

மகேசா: நீளமா வேற இருக்கு. திரையில ரெண்டாவது வரி கீழே போயிடும்…

கபுலா: எழுத்தைச் சின்னதாக்காதே. மேல இருக்கிற சிரிச்ச மூஞ்சி பொம்மையைத் தூக்கு. இடம் கிடைக்கும்.

மகேசா: அதுவும் போச்சா! …சரி, தூக்கியாச்சு. நெட்வொர்க்கை அறுத்துச் சோதிச்சுப் பார்க்கிறேன்… வருது. நல்லாத்தான் தெரியுது. அக்கா, போன்! பாஸ்!

கபுலா: கொடு, நான் பேசறேன்.

மகேசா: வேண்டாம், வேண்டாம்… ஹலோ, சொல்லுங்க சார்… பத்து நிமிஷத்துல அனுப்பிடறோம்… அந்தச் சிரிப்பு வரியா? அது இல்லை சார், எடுத்தாச்சு… தெரியும் சார், அதைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாங்க. இருந்தாலும் எடுத்தாச்சு. திரும்பப் போட மாட்டோம்… ஆமா சார், நான்தான் எழுதினேன். அன்னிக்கே சொன்னேனே. எழுதினவனே எடுக்கிறேன், அவ்வளவுதான்… சரி சார்.

கபுலா: என்னது, ‘நான்தான் எழுதினேன்’?

மகேசா: ஒண்ணுமில்லை. பட்டனை அழுத்தட்டுமா?

கபுலா: அழுத்து. அழுத்திட்டு பதில் சொல்லு.

மகேசா: …போயிருச்சு. நாப்பதுக்கும். வெள்ளிக்கிழமை புகார் வந்தப்போ, யார் எழுதினதுன்னு பாஸ் கேட்டார். நான்னு சொல்லிட்டேன்.

கபுலா: உன்னை யார் சொல்லச் சொன்னா?

மகேசா: அடுத்த மாசம் உங்களைத் தலைமைக்கு எடுக்கறதாப் பேச்சு. அது நீங்க எழுதின வரின்னு தெரிஞ்சா விடுவாங்களா? அதுவும் இல்லாம, அன்னிக்கு நீங்க படிச்சுக் காட்டினப்போ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சவன் நான்தானே? பாதி என்னோடது. விடுங்கக்கா, அந்தத் தீவுல யாருக்கும் உங்க பேர் தெரியப் போறதில்லை.

கபுலா: தெரியும், மகேசா. நர்ஸ் போன்ல சொன்னான்னது பொய். சனிக்கிழமை முதல் படகு பிடிச்சு நானே போனேன், நேத்து ராத்திரிதான் திரும்பினேன். அந்த வீட்டுப் பாய்ல உட்கார்ந்து, இதை எழுதினது நான்தான்னு சொன்னேன். அந்த மொட்டைத் தலைப் பொண்ணுதான் ‘எதுக்கு அப்படி எழுதினீங்க?’ன்னு கேட்டுச்சு. படிக்கிறவங்க சிரிக்கணும்னுதான்மான்னேன். வீட்டுக்கு வந்த பெரியவளாச்சே நான்… மரியாதைக்காக, என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே, கஷ்டப்பட்டுக் கொஞ்சம் சிரிச்சுச்சுடா.